புதிய சீட்டுக் கச்சேரி

கச்சேரி என்னும் சொல்லுக்கு மயிலாப்பூரில் மூன்று பொருள் உண்டு. மார்கழி மாதத்தில் சபா மண்டபங்களில் நடப்பது ஒன்று. பழைய நாளில் சர்க்கார் காரியாலயத்துக்கு வழங்கி, இன்று லஸ் முனையிலிருந்து சாந்தோம் பக்கம் போகும் கச்சேரி ரோட்டின் பெயரில் தங்கியிருப்பது மற்றொன்று. மூன்றாவது, சீட்டுக் கச்சேரி. மூன்றாவது கச்சேரியில் அளவுக்கு மிஞ்சி ஈடுபட்ட சிலர், இரண்டாவது கச்சேரியில் போய்க் கைகட்டி நிற்க நேர்ந்ததும் உண்டு. ஆகையினால்தான் நம் குடும்பங்களில் சீட்டுக் கட்டு என்ற பேச்சை எடுத்தாலே பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

இப்போது அந்த மூன்றாவது கச்சேரி புது அவதாரம் எடுத்து வந்திருக்கிறது. மந்தைவெளியிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும், ரம்மியும் பிரிட்ஜும் ஆடிய தாத்தாமார்களின் பேரப் பிள்ளைகள் அடுக்கு மாடி வீட்டுப் படிக்கட்டுகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, பளபளவென்று வர்ணப் படம் போட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாக இறக்குகிறார்கள். அந்தச் சீட்டுகளில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. வால் நுனியில் நெருப்பு எரியும் பல்லி ஒன்று, முதுகில் ஓடு தாங்கிய நீல ஆமை ஒன்று, கன்னத்தில் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் மஞ்சள் எலி ஒன்று. இவற்றுக்குப் 'போக்கிமான்' என்று பெயராம். சீட்டை மூடி வைத்தால் கைபேசி. கைபேசியைப் பிடுங்கினால் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்த ஆட்ட யந்திரம்.

"இது விளையாட்டா, சூதா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அலட்சியம் செய்யத் தகுந்த கேள்வியல்ல. கைபேசியில் ரம்மி ஆடிக் கடன்பட்டுக் குடும்பத்தை விட்டு உயிரையே மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்தியைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாதல்லவா? ஆனால் அடுப்பங்கரைக்கே போகாமல் இருந்தால் சாப்பாடு ஏது? ஆகவே கொஞ்சம் நிதானமாகவே இந்த விஷயத்தைப் பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணச் சீட்டாட்டத்தில் ஐம்பத்திரண்டு சீட்டும் எல்லோருக்கும் பொது. இந்தப் புது ஆட்டத்தில் அப்படியில்லை. ஆடுகிறவன் ஒவ்வொருவனும் தன் கட்டைத் தானே தயார் செய்துகொண்டு வர வேண்டும். 1993-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணித நிபுணர் 'மேஜிக்' என்ற ஆட்டத்தை வகுத்து இந்த வழியைத் திறந்து வைத்தார். மூன்று வருஷம் கழித்து ஜப்பானில் போக்கிமான் சீட்டு வெளியாயிற்று. போக்கிமான் கட்டில் சரியாக 60 சீட்டு இருக்க வேண்டும். ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. அடிப்படைச் சக்திச் சீட்டுகளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆட்டம் தொடங்கும்போது கையில் ஏழு சீட்டு. ஆறு சீட்டைப் பரிசாகத் தனியே கவிழ்த்து வைப்பார்கள். எதிராளியின் பிராணி ஒன்றை மயக்கம் போட்டு விழச் செய்தால் பரிசுச் சீட்டு கைக்கு வரும்.

கடையில் நூற்றுக் கணக்கான விதங்களில் சீட்டு கிடைக்கும்போது, அவற்றில் எந்த அறுபதைப் பொறுக்குவது? ஆட்டத்தின் ஜீவநாடி இதில்தான் இருக்கிறது. ஒரு சீட்டில் நான்கு பிரதி வைத்தால், முதலில் வரும் ஏழில் அது ஒன்றாவது வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பது. ஒரே பிரதி வைத்தால் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் குறைவு. பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு என்று பாடம் நடக்கும்போது கொட்டாவி விடும் பையன், இந்தக் கணக்கை மட்டும் விரல் நுனியில் வைத்திருக்கிறான். ஏன் தெரியுமா? அங்கே அது மார்க்கு. இங்கே அது மானம்.

சீட்டு என்பது அந்நிய வியாதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாபர் சக்கரவர்த்தி 1527-இல் சிந்து தேசத்துச் சிநேகிதர் ஒருவருக்குக் 'கஞ்சீபா' சீட்டு அனுப்பி வைத்ததைத் தம்முடைய நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த வட்டச் சீட்டு நம்முடைய தேசத்தில் தசாவதாரச் சீட்டாக மாறியது. அவதாரத்துக்குப் பன்னிரண்டு வீதம் 120 சீட்டு. மைசூர் மகாராஜா மும்மடி கிருஷ்ணராஜ உடையாரோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுப் புதுச் சீட்டாட்டங்களை வகுப்பதையே ஒரு கலையாகக் கொண்டிருந்தார். அவருடைய ஆட்டம் ஒன்றில் முந்நூறுக்கு மேற்பட்ட சீட்டுகள்! இன்றைய பையன்களின் சீட்டுப் பெட்டியைப் பார்த்தால் அவர் மூர்ச்சை போட்டிருக்க மாட்டார், "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்டிருப்பார்.

ஜப்பானுக்குச் சீட்டு போன கதை இன்னும் சுவாரஸ்யமானது. அதைக் கொண்டுபோனவர்கள் போர்ச்சுகீசியர். அதே பதினாறாம் நூற்றாண்டில் சாந்தோமில் கோட்டை கொத்தளத்தோடு குடியேறியவர்களும் அவர்களேதான். ஜப்பானில் ஜனங்கள் சீட்டை வைத்துச் சூதாடினார்கள்; அரசாங்கம் தடை போட்டது. ஜனங்கள் படத்தை மாற்றினார்கள், மறுபடியும் தடை. இப்படி மாறி மாறிக் கடைசியில் எண்ணே இல்லாத பூச்சீட்டு பிறந்தது. மாதத்துக்கு ஒரு செடியாகப் பன்னிரண்டு மாதம், செடிக்கு நான்கு சீட்டு, ஆக 48. தடை தளர்ந்த பிறகு 1889-இல் கியோட்டோ நகரத்தில் யமாவுச்சி புஸாஜிரோ என்பவர் இந்தப் பூச்சீட்டைத் தயாரிக்க ஒரு கடை வைத்தார். அந்தக் கடைக்குப் பெயர் நிண்டெண்டோ! பிற்காலத்தில் உலகத்துக் குழந்தைகளையெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்த அதே நிண்டெண்டோதான். சீட்டும் திரை ஆட்டமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இதைவிட வேறு ஜாதகம் வேண்டுமா?

போக்கிமானை ஆக்கிய ஸதோஷி தாஜிரி சின்ன வயதில் வண்டு பிடித்து அலைந்தவர். நகரம் வளர்ந்து வயல்களும் குட்டைகளும் மறைந்தபோது, தாம் அனுபவித்த அந்த இன்பம் பிற்காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதே என்று எண்ணினார். 1996-இல் வெளிவந்த அவருடைய ஆட்டத்தில் 151 பிராணிகள். அந்த ஆட்டத்தைச் சிவப்பு, பச்சை என்று இரண்டு பிரதிகளாகச் செய்தார்கள். சிவப்பில் இருக்கும் சில பிராணிகள் பச்சையில் இல்லை. பச்சையில் இருப்பவை சில சிவப்பில் இல்லை. ஆகவே தனியே உட்கார்ந்து எவ்வளவு ஆடினாலும் சேகரம் பூர்த்தியாகாது. இன்னொரு பையனைத் தேடிப் போய்க் கொடுத்து வாங்கினால்தான் ஆகும்.

வண்டைப் பற்றிப் பேசும்போது ஒரு துக்கம் தொண்டையை அடைக்கிறது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டை வைத்து, கருவேல இலை போட்டு, முட்டை இட்டுவிட்டதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்காத தமிழ்ப் பிள்ளை முன்பு உண்டா? ஜப்பானியர் தங்கள் வண்டிலிருந்து உலகம் கொள்ளும் வியாபாரம் ஒன்றைச் செய்து விட்டார்கள். நாம் பொன்வண்டையும் மறந்தோம். அந்தத் தீப்பெட்டியையும் மறந்தோம். சீட்டுப் பரிவர்த்தனையாவது நமக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. சிவகாசித் தீப்பெட்டியின் மேல் ஒட்டிய படத்தையும், தெருவில் கிடந்த சிகரெட் அட்டையையும் சேர்த்து, இந்த அட்டைக்கு இவ்வளவு மதிப்பு, அந்த அட்டைக்கு அவ்வளவு மதிப்பு என்று தாங்களே நிர்ணயம் செய்து, வட்டம் போட்டுக் கல்லெறிந்து ஜயித்தவர்கள்தான் இன்று "இதென்ன பைத்தியம்!" என்று பேரனைக் கடிந்துகொள்கிறார்கள். சுதேசிச் சரக்கு வேண்டும் என்று நாமும் சொல்கிறோம். ஆனால் பையன் கையிலுள்ள ஜப்பான் எலியைப் பழிப்பதனால் சுதேசி எலி பிறந்துவிடாது. புராணமும் காடும் கடலும் இவ்வளவு வைத்திருக்கும் தேசத்தில், சித்திரக்காரரும் கணக்கு வல்லுநரும் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை வகுக்க வேண்டும். புனேயில் ஒரு சிறு குழு 2020-இல் 'ராஜி' என்னும் திரை ஆட்டத்தை நம் புராணங்களையும் கோட்டைகளையும் கொண்டே அமைத்து வெளியிட்டது. சென்னைக்கு ஏன் முடியாது?

திரை ஆட்டம் நம் ஊருக்கு வந்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். 1990-களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் மலிவான யந்திரங்கள் சென்னையில் பரவின. வீட்டில் இல்லாதவர்கள் தெருமுனைக் கடையில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஆடினார்கள். 'கான்ட்ரா' என்று ஓர் ஆட்டம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். ஒருவனுடைய உயிர்களெல்லாம் தீர்ந்து போனால், மற்றவனுடைய கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொண்டு தொடரலாம். தன் உயிரைச் சிநேகிதனுக்குக் கடன் கொடுத்துவிட்டு, அவன் அதையும் அடுத்த நிமிஷமே அருவியில் தொலைத்தானே என்று ஏற்பட்ட சண்டைகள் எத்தனையோ! பிறகு பிரௌசிங் சென்டர், அப்புறம் கைபேசி. பக்கத்தில் இருந்த சிநேகிதன் மெதுவாகக் கண்ணுக்கு மறைந்து போனான். எதிரே இருப்பவன் மனிதனா யந்திரமா என்றே தெரியாமல் ஆடும் காலம் வந்தது. அப்போதுதான் பணமும் உள்ளே நுழைந்தது.

சட்டத்தின் கதை கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்கிறோம். ரம்மி பெரும்பாலும் திறமையைப் பொறுத்த ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட் 1967-இல் தீர்ப்புச் சொன்னது. கிண்டிக் குதிரைப் பந்தயத்தைப் பற்றிய வழக்கில் 1996-இலும் அதே தராசில் நிறுத்துப் பார்த்தது. பணம் வைத்துக் கைபேசியில் ஆடுவதைத் தமிழ்நாடு சர்க்கார் 2020 நவம்பரில் தடுத்தார்கள். சென்னை ஹைகோர்ட் 2021 ஆகஸ்டில் அந்தத் தடை செல்லாது என்றது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் தலைமையில் 2022-இல் குழு அமைத்து, மறுபடியும் சட்டம் செய்து, கவர்னர் அதைத் திருப்பியனுப்பி, சட்டசபை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அவ்வருஷம் நவம்பரில் ஹைகோர்ட் சட்டத்தை ஒப்புக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடையிலிருந்து விலக்கியது. கடைசியாக 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே பண ஆட்டங்களைத் தேசம் முழுவதும் தடுத்துச் சட்டம் இயற்றி, பணயமில்லாத திரைப் போட்டிகளை மட்டும் ஆதரிப்பதாகச் சொன்னது.

இத்தனை வழக்கிலும் கேட்ட கேள்வி ஒன்றே: "திறமையா, அதிர்ஷ்டமா?" நியாயஸ்தலத்துக்கு அது சரியான கேள்வியாக இருக்கலாம். குடும்பத்துக்கு அது போதாது என்பது நம் அபிப்பிராயம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பாட்டிமார்கள் பரமபத படத்தை விரித்துத் தாயக்கட்டையை உருட்டினார்களே, அதில் திறமை எள்ளளவாவது உண்டா? முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். ஆனாலும் எந்தக் குடும்பமும் பாம்பு கடித்து நடுத்தெருவுக்கு வரவில்லை. ரம்மியிலோ திறமை உண்டு என்று நியாயாதிபதிகளே சொன்னார்கள், குடும்பங்கள் அழிந்தன. ஆகவே அம்மாமார்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தை வகுத்தது யார்? ஒவ்வொரு தடவையும் அதற்குக் காசு வாங்குகிறவர் யார்?

தன் கட்டில் நான்கு பிரதி வைத்தவன், தன் அதிர்ஷ்டத்தைத் தானே வகுத்துக்கொண்டவன். நூற்றுக்கு நாற்பது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சீட்டுகள் கடையில் எப்படி விற்கின்றன? ஒட்டிய பொட்டலத்தில்! உள்ளே பத்துச் சீட்டு இருக்கும். எந்தப் பத்து என்பது பிரித்த பிறகுதான் தெரியும். பெரும்பாலானவை சாமானியம், மிக அருமையானது இருந்தாலும் இருக்கலாம். அந்த அதிர்ஷ்டத்தை வகுத்தவர் கம்பெனிக்காரர். அதையே விற்கிறவரும் அவர். லாட்டரிச் சீட்டு விற்பனையை 2003 ஜனவரியில் அடியோடு நிறுத்திய ராஜ்யம் நம்முடையது. குழந்தை கையில் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து, "பொட்டலம் வாங்கிக்கொள்" என்று அனுப்பும்போது நாம் எதை வாங்கி வரச் சொல்கிறோம் என்று யோசித்தோமா?

கைபேசி ஆட்டங்களில் இது இன்னும் மோசம். பிரித்தவுடன் அடுத்த பெட்டி. கடைக்கு நடக்கிற சிரமமும் இல்லை. பெட்டிகளில் வருவதைச் சேர்த்து ஒரு தொகுதியைப் பூர்த்தி செய்தால் பெரும் பரிசு என்ற தந்திரத்தை, ஜப்பானிலேயே 2012-இல் சட்ட விரோதம் என்று சொல்லிவிட்டார்கள். பெல்ஜியம் தேசத்தில் 2018-இல், சில ஆட்டங்களில் காசுக்கு விற்கும் மூடிய பெட்டி சூதுதான் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். நம்முடைய 2025-ஆம் வருஷத்துச் சட்டம் கணினி வழி ஆட்டத்தைப் பற்றியது. காகிதப் பொட்டலத்தைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. அதற்குச் சட்டம் வேண்டுமென்று நாம் கூச்சல் போடப் போவதில்லை. வீட்டில் ஒரு சொல் போதும்.

அந்தச் சொல் "கூடாது" என்பதாக இருக்க வேண்டியதில்லை. 1972-இல் சென்னைச் சோவியத் கலாசார நிலையத்தில் மானுவல் ஆரன் தால் சதுரங்கக் கழகத்தை ஆரம்பித்தபோது, "செஸ் ஆடினால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்தக் கழகத்தில் ஆடிப் பழகிய ஆனந்த் உலக சாம்பியன் ஆனார். 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் சிங்கப்பூரில் அந்தப் பட்டத்தைப் பெற்றார். உடனே எல்லாப் பிள்ளைகளும் சீட்டாடிச் சாம்பியன் ஆகிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின்போது காட்சிப் போட்டியாக நடந்த 'ஹார்த்ஸ்டோன்' என்னும் திரைச் சீட்டாட்டத்தில் குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் பெற்றார் என்பது உண்மை. ஆனால் மெடலுக்காகத்தான் ஒரு பொழுதுபோக்கு என்றால், அது பொழுதுபோக்கல்ல, இன்னொரு டியூஷன். மெடல் வராத பையனுக்கும் சாயங்காலம் ஒன்று உண்டு.

வாங்குவதற்குச் சில யோசனைகள். ஆடுவதற்குத் தயாராகவே 60 சீட்டுகளை அடுக்கிய கட்டு விற்கிறது. உள்ளே இருப்பது இன்னதென்று பெட்டியின் மேலேயே சொல்லியிருக்கும். வாங்கினால் இரண்டாக வாங்குங்கள், ஒன்று எதிராளிக்கு. அப்புறம் வேண்டிய சீட்டை ஒற்றை ஒற்றையாக, விலை தெரிந்து வாங்கலாம், அல்லது சிநேகிதனிடம் கொடுத்து மாற்றலாம். மாற்றும்போது பெரிய பையன் சின்னப் பையனை ஏமாற்றுவது சகஜம். ஆகையால் ஒரு நாள் கழித்துத் திருப்பிக் கேட்டால் தர வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நலம். கடைத்தெருவில் தங்கத் தகடு போல மின்னும் சீட்டுக் கட்டு மலிவாகக் கிடைத்தால் பெரும்பாலும் போலிச் சரக்கு. அசல் சீட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தால் நடுவில் மெல்லிய கருத்த அடுக்கு ஒன்று தெரியும்; போலியில் அநேகமாக இராது. போலியை வைத்து வீட்டில் ஆடுவதில் பாபம் ஒன்றுமில்லை. அசல் என்று நம்பி மாற்றிக்கொண்டவன் அழும்போதுதான் வினை.

எதிராளி யார் என்பதுதான் பாக்கி. நம் நண்பர் ஒருவர், மயிலாப்பூர்வாசி, நாற்பது வருஷம் பிரிட்ஜ் ஆடியவர். கூட ஆடிய மூவரில் இருவர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் மகனோடு அமெரிக்காவில் இருக்கிறார். பேரன் சென்ற கோடை விடுமுறையில் இரண்டாவது கட்டை அவர் கையில் திணித்து உட்கார வைத்தான். முதல் வாரம் முழுவதும் தோல்வி. இரண்டாவது வாரத்திலிருந்து, எந்தெந்தச் சீட்டு வெளியே போயிற்று என்று பிரிட்ஜ் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தார். அதன் பிறகு பையனுக்குத்தான் கஷ்டகாலம். "தாத்தா என் கையைப் பார்த்து விடுகிறார்" என்று அம்மாவிடம் புகார் செய்திருக்கிறான். தாத்தாவுக்கும் ஒரு புகார் உண்டு: சீட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்து எறும்பைவிடச் சிறியதாம். அடையாற்றுக் கண் டாக்டர் ஒருவரிடம் போய், இந்தப் பிராணிகளைப் படிப்பதற்கென்றே புதுக் கண்ணாடி எழுதி வாங்கி வந்திருக்கிறார்.